சுவரோரக் கூழ்மத் துகளின் விரவலை அளக்க எந்த முறை?

ஒரு மைக்ரோமீட்டர் விட்டமுள்ள பாலிஸ்டைரீன் உருண்டை ஒன்று 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலுள்ள நீரில், எந்தச் சுவரும் எட்டாத தொலைவில் மிதந்துகொண்டிருந்தால், அதன் விரவல் குணகம் (வெப்ப நடுக்கத்தால் துகள் எவ்வளவு விரைவாக அலைந்து பரவுகிறது என்பதன் அளவு) நொடிக்கு 0.49 சதுர மைக்ரோமீட்டர். இந்த எண்ணைப் பெற ஆய்வகம் தேவையில்லை. பாகுத் தடைக்கு ஸ்டோக்ஸ் 1851-இல் தந்த கோவையையும், அத்தடைக்கும் வெப்ப ஆற்றலுக்கும் இடையே ஐன்ஸ்டைன் 1905-இல் கண்ட உறவையும் ஒரு தாளில் அடுத்தடுத்து எழுதினால் போதும். அதே உருண்டையைக் கண்ணாடித் தகட்டின் அருகே கொண்டுவந்து, அதன் அடிப்பரப்புக்கும் கண்ணாடிக்கும் இடையே 100 நானோமீட்டர் மட்டும் விட்டுவைத்தால், கண்ணாடிக்கு இணையான திசையில் விரவல் ஏறத்தாழப் பாதியாகிறது. செங்குத்தான திசையிலோ 16 சதவீதமே எஞ்சுகிறது. இடைவெளியை 20 நானோமீட்டராகக் குறைத்தால் இணைத்திசையில் 37 சதவீதமும் செங்குத்துத் திசையில் 4 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவாகவும் மிஞ்சும்.

காரணம் நீரில் இருக்கிறது. கண்ணாடியைத் தொட்டிருக்கும் நீர்ப்படலம் நகர்வதில்லை. உருண்டை கண்ணாடியை நோக்கிச் செல்ல வேண்டுமானால், இடையிலுள்ள நீர் குறுகிய சந்து வழியே பக்கவாட்டில் பிதுங்கி வெளியேற வேண்டும். விலக வேண்டுமானால் அதே சந்து வழியே நீர் உள்ளே வந்தாக வேண்டும். பக்கவாட்டில் நகரும்போது அந்த அளவு நீரை வெளியேற்றத் தேவையில்லாததால் தடையும் குறைவு. ஆகவே தொடுநிலையை நெருங்கும்போது செங்குத்து விரவல் இடைவெளிக்கு நேர்விகிதத்தில் பூச்சியத்தை நோக்கிச் சரிகிறது; இணை விரவல் மடக்கை விதிப்படி மெதுவாகவே குறைகிறது. பின்வரும் முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த வேறுபாடுதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது.

கோட்பாட்டுப் பக்கத்தில் குறை அதிகமில்லை. சுவரால் வரும் தடைக்கு லோரன்ட்ஸ் கண்ட முதற்படித் திருத்தத்தை ஃபாக்சென் 1922-இல் இணைத்திசைக்கு நீட்டித்தார். செங்குத்துத் திசைக்கான முழுத் தீர்வை ஒரு முடிவிலித் தொடராக பிரென்னர் 1961-இல் தந்தார். சுவரை ஒட்டிய பகுதியில் இணைத்திசைக்குரிய துல்லியமான மதிப்புகளை கோல்ட்மன், காக்ஸ், பிரென்னர் மூவரும் 1967-இல் கணக்கிட்டனர். இடைவெளி ஆரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே வந்துவிட்டால் ஃபாக்செனின் கோவை உண்மையிலிருந்து விலகிவிடும் என்பதால், அங்கே 1967-ஆம் ஆண்டு மதிப்புகளையே எடுத்துக்கொள்ள வேண்டும். பிரென்னரின் தொடரை ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. பெவனும் பிரீவும் 2000-இல் பயன்படுத்திய எளிய பின்னம் நடைமுறைக்குப் போதும்: இடைவெளியின் இருமடியை 6 ஆலும், ஆரத்தையும் இடைவெளியையும் பெருக்கியதை 2 ஆலும் பெருக்கிக் கூட்டினால் மேற்கூறு, அதே இருமடியின் 6 மடங்கு, அதே பெருக்குத்தொகையின் 9 மடங்கு, ஆரத்தின் இருமடியின் 2 மடங்கு ஆகிய மூன்றையும் கூட்டினால் கீழ்க்கூறு. முதல் பத்தியிலுள்ள 16 சதவீதம் இந்தப் பின்னத்திலிருந்து வந்ததுதான்.

ஆகவே சிக்கல் அளவீட்டில்தான். இந்தத் துறைக்குள் புதிதாக நுழையும் ஆய்வு மாணவர் பெரும்பாலும் விரவலை எப்படி அளப்பது என்று கேட்கிறார். அதற்கு முன்பாகக் கேட்க வேண்டியது, சுவர் எங்கே இருக்கிறது என்பதை நான் தேர்ந்தெடுக்கும் முறை எப்படி அறிகிறது என்பதே. நமது உருண்டை 100 நானோமீட்டர் இடைவெளியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, உண்மையில் 80-இலோ 120-இலோ இருந்தால், செங்குத்து விரவல் 13 சதவீதமாகவோ 18 சதவீதமாகவோ இருக்கும். அதாவது நாம் எதிர்பார்க்கும் மதிப்பிலேயே ஆறில் ஒரு பங்கு பிழை. இணை விரவல் அதே பிழைக்கு 5 சதவீத அளவில்தான் ஆடும். உயரத்தைச் சரியாக அறியாத முறை இணைத்திசையில் பிழைத்துக்கொள்ளலாம், செங்குத்துத் திசையில் முடியாது. கீழே நான்கு முறைகளையும் இந்த ஒரு கேள்வியை முன்வைத்தே ஒப்பிடுகிறேன்.

சாதாரண நுண்ணோக்கியும் கேமராவும்

கையில் ஏற்கெனவே இருக்கும் கருவிகளைக் கொண்டு தொடங்க வேண்டியவருக்கு முதல் வழி இதுதான். வெள்ளொளியில் துகளைப் படமெடுத்து, ஒவ்வொரு படத்திலும் அதன் மையத்தைக் கணினி கண்டுபிடித்து, சராசரி இருமடி இடப்பெயர்ச்சியை (துகள் நகர்ந்த தொலைவின் இருமடியின் சராசரியை) நேரத்துக்கு எதிராக வரைந்து, சாய்விலிருந்து விரவலைப் பெறுவது. மையத்தைக் கண்டுபிடிக்கும் வழிமுறையை க்ராக்கரும் க்ரையரும் 1996-இல் வெளியிட்ட பிறகு அது ஏறத்தாழ எல்லா ஆய்வகங்களிலும் புழக்கத்துக்கு வந்துவிட்டது. அதற்கும் முன்பே, 1994-இல், ஃபோஷோவும் லிப்சாபரும் இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே அடைபட்ட உருண்டைகளின் இயக்கம் எப்படிக் குறைகிறது என்பதை இத்தகைய நுண்ணோக்கியால் அளந்து காட்டியிருக்கின்றனர்.

தளத்துக்குள் இருக்கும் ஆயங்களை இம்முறை நன்றாகவே தரும். 20 நானோமீட்டர் துல்லியம் பெற அரிய கருவி எதுவும் வேண்டாம். உயரம்தான் சிக்கல். குவியத்திலிருந்து விலகிய துகளைச் சுற்றி ஒளிவளையங்கள் தோன்றும். விலக விலக வெளி வளையத்தின் ஆரம் கூடும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட ஒரு துகளை வைத்துக்கொண்டு, ஆப்ஜெக்டிவை (துகளை ஒட்டியுள்ள நுண்ணோக்கி வில்லையை) சிறு சிறு படிகளாக நகர்த்தி, எந்த உயரத்துக்கு எந்த வளையம் என்று அட்டவணை போட்டுவிட்டால், பின்னர் வளையத்தைப் பார்த்தே உயரத்தைச் சொல்லலாம். மெக்சிகோவிலிருந்து கார்பஹால்-தினோக்கோவும் உடன் ஆய்வாளர்களும் 2007-இல் வளையங்களிலிருந்து இவ்வாறு உயரத்தைப் பெற்று, இணை விரவலும் செங்குத்து விரவலும் வெவ்வேறாக இருப்பதைக் காட்டினர்.

இந்த அட்டவணையில் ஒரு பொறி இருக்கிறது. அதில் நானும் விழுந்திருக்கிறேன். எண்ணெய் ஆப்ஜெக்டிவை (வில்லைக்கும் கண்ணாடிக்கும் இடையே எண்ணெய்த் துளி இடும் வகையை) பயன்படுத்தி நீருக்குள் பார்க்கும்போது, கண்ணாடிக்கும் நீருக்கும் ஒளிவிலகல் எண் வேறுபடுவதால், ஆப்ஜெக்டிவை ஒரு மைக்ரோமீட்டர் நகர்த்தினால் நீருக்குள் குவியம் சுமார் 0.8 மைக்ரோமீட்டர்தான் நகர்கிறது. நுண்ணோக்கித் திருகின் அளவை அப்படியே உயரமாக எடுத்துக்கொண்டு சில வாரம் தரவு சேர்த்த பிறகு, கோட்பாட்டு வளைவைவிட என் புள்ளிகள் அனைத்தும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதைக் கண்டு, முதலில் துகளின் பரப்பில் ஏதோ விந்தை நடக்கிறது என்றே எழுதத் தொடங்கினேன். பிழை உயரத்தில்தான் இருந்தது. அதன்பின், கண்ணாடியில் ஒட்டிய துகள் ஒன்று எப்போதும் படத்தின் ஓரத்தில் இருக்குமாறு இடத்தைத் தேர்ந்துகொள்வது வழக்கமாகிவிட்டது. அறையின் குளிரூட்டி ஓடி நிற்பதால் குவியம் தானாக நகர்ந்தாலும், அந்தத் துகள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும், செங்குத்துத் திசையில் ஓர் அடிப்படைத் தடை மிஞ்சுகிறது. வளையங்களிலிருந்து பெறும் உயரத்தில் 50 நானோமீட்டர் இரைச்சல் இருப்பதாகக் கொள்வோம். அது இருமடி இடப்பெயர்ச்சியில் 0.005 சதுர மைக்ரோமீட்டரைப் பொய்யாகச் சேர்க்கும். நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில், 100 நானோமீட்டர் இடைவெளியிலுள்ள நமது உருண்டை ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே செங்குத்தாக நகர்வதால் வரும் உண்மையான மதிப்பும் அதே 0.005-தான். உண்மையும் இரைச்சலும் சரிக்குச் சரி. தவிர, அந்த நேரத்துக்குள் துகள் சுமார் 70 நானோமீட்டர் மேலோ கீழோ போய்விடுவதால், எந்த உயரத்துக்குரிய விரவலை அளந்தோம் என்று சொல்லவே முடியாது. வேகமான கேமரா வாங்கினால் இரண்டாவது குறை தீரும், முதலாவது கூடும். இணைத்திசையில் இதே கணக்கைப் போட்டால் உண்மை 0.016, இரைச்சல் 0.0008, கவலையில்லை.

மூடித்திறப்பு நேரத்தையும் மறக்கக் கூடாது. கேமரா திறந்திருக்கும் நேரம் முழுவதும் துகள் நகர்ந்துகொண்டே இருப்பதால் படம் இழுபட்டு, அளந்த இடப்பெயர்ச்சி குறைந்துவிடும். படங்களுக்கு இடைப்பட்ட நேரம் முழுவதும் கேமரா திறந்தே இருந்தால் இருமடி இடப்பெயர்ச்சி வரைபடத்தின் முதற்புள்ளியில் மூன்றில் ஒரு பங்கு காணாமற்போகும். 33 மில்லிநொடிக்கு 10 மில்லிநொடி திறந்திருந்தால் 10 சதவீதம். சுவரால் விரவல் குறைந்தது என்று நாம் எழுதும் எண்ணில் கேமராவின் பங்கு எவ்வளவு என்பதை முதலில் கழித்துவிட வேண்டும்.

முழு அக எதிரொளிப்பு நுண்ணோக்கி

கண்ணாடிக்குள்ளிருந்து நீரை நோக்கி வரும் லேசர் கற்றை மாறுநிலைக் கோணத்தைவிடச் சாய்வாக வந்தால் முழுவதும் திரும்பிவிடுகிறது. ஆனால் எல்லைக்கு அப்பால் நீருக்குள் ஒரு மெல்லிய ஒளிப்படலம் கசிந்து, சுவரிலிருந்து விலக விலக அடுக்குக்குறி முறையில் தேய்கிறது. இந்தத் தேயும் அலைக்குள் துகள் வந்தால் ஒளியைச் சிதறடிக்கும். எவ்வளவு அருகே வருகிறதோ அவ்வளவு பிரகாசம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிரீவும் உடன் ஆய்வாளர்களும் 1980-களின் பிற்பகுதியில் இதை ஓர் உயரமானியாகவே ஆக்கினர். 633 நானோமீட்டர் ஹீலியம்-நியான் லேசர், 1.515 ஒளிவிலகல் எண்ணுள்ள கண்ணாடி, 66 பாகைக் கோணம் என்று வைத்துக்கொண்டால் ஒளிச்செறிவின் தேய்வு நீளம் சுமார் 131 நானோமீட்டர். துகள் 10 நானோமீட்டர் விலகினாலே பிரகாசம் 7 சதவீதம் குறையும். 50 நானோமீட்டர் இரைச்சலோடு போராடிக்கொண்டிருந்தவருக்கு இது வேறோர் உலகம்.

நமது கேள்விக்கு இம்முறை தரும் பதிலும் வேறு வகைப்பட்டது: அளவுகோலே சுவரில் தொடங்குகிறது. ஒளி சுவரிலிருந்து பிறப்பதால், மேடை நகர்ந்தாலும் குவியம் சற்று விலகினாலும் உயரத்தின் பூச்சியம் இடம்பெயர்வதில்லை. ஆனாலும் பிரகாசத்திலிருந்து உயரத்துக்குப் போக இரண்டு எண்கள் தேவை. ஒன்று தேய்வு நீளம். அது கோணத்தைப் பொறுத்தது. மாறுநிலைக் கோணம் இங்கே சுமார் 61.4 பாகை, 63 பாகையில் தேய்வு நீளம் 218 நானோமீட்டர், 63.5 பாகையில் 191. அரைப் பாகைத் தவறு 12 சதவீத உயரப் பிழையாகிறது என்பதால், மாறுநிலைக் கோணத்தை ஒட்டி வேலை செய்வதைத் தவிர்த்து, 66 பாகையைத் தாண்டி நிற்பது நல்லது. மற்றொன்று, துகள் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது அதன் பிரகாசம் எவ்வளவு என்பது. இது துகளுக்குத் துகள் மாறும். அளவீடு முடிந்ததும் கலத்துக்குள் உப்புக் கரைசலைச் செலுத்தினால், கண்ணாடிக்கும் துகளுக்கும் இடையிலான மின் விலக்கம் சுருங்கி, துகள் மெல்ல இறங்கிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது. அப்போது கிடைக்கும் பிரகாசமே தொடு மதிப்பு. திரையில் அதுவரை நடுங்கிக்கொண்டிருந்த கோடு சட்டென்று நேராகிவிடும். அந்தக் கணத்துக்குப் பிறகு அதே துகளைத் திரும்ப அளக்க முடியாது.

உப்பைத் தவிர்க்க ஒரு மாற்று வழி உண்டு. அது நேர்த்தியானது, ஆனால் எல்லோருக்கும் உரியதன்று. செங்குத்து விரவல் சுவரில் பூச்சியமாக வேண்டும் என்பது தெரிந்ததே. ஆகவே தரவிலிருந்து விரவலை உயரத்துக்கு எதிராக வரைந்து, அது பூச்சியத்தை எங்கே தொடுகிறதோ அங்கே சுவர் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். துகளுக்கும் சுவருக்கும் இடையிலான விசையை அளப்பதே நோக்கமாக இருந்தால் இதைத் தயங்காமல் செய்யலாம். பிரென்னரின் கோட்பாடு பொருந்துகிறதா என்று சோதிப்பது நோக்கமாக இருந்தால், கோட்பாட்டை வைத்தே சுவரைக் கண்டுபிடித்துவிட்டு, பின்பு அந்தச் சுவரை வைத்துக் கோட்பாட்டைச் சோதிப்பது என்று வட்டமடிக்க நேரிடும். ஆய்வேடுகளில் இந்த வட்டம் மிக எளிதாக மறைந்துவிடுகிறது. தேர்வாளர் ஒருவர் கேட்டுவிட்டால் மட்டுமே வெளியே தெரிகிறது.

விசை என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். விரவல் உயரத்துக்கு உயரம் மாறும் இடத்தில், எந்த விசையும் இல்லாதபோதும் துகள் சராசரியாக விரவல் கூடுதலாக இருக்கும் பக்கம், அதாவது சுவரை விட்டு விலகும் பக்கம், நகர்கிறது. இந்த நகர்வைப் பாகுத் தடையால் பெருக்கி விசை என்று எழுதிவிட்டால், நமது உருண்டைக்கு 100 நானோமீட்டர் இடைவெளியில் சுமார் 33 ஃபெம்டோநியூட்டன் அளவுக்கு இல்லாத விசை ஒன்று தோன்றும். அதே அளவுள்ள சிலிக்கா உருண்டையின் நீருக்குள்ளான எடையே சுமார் 5 ஃபெம்டோநியூட்டன்தான் என்பதைப் பார்க்கும்போது, எடையைப்போல் ஆறு மடங்கு பொய் விசை. ஸ்டுட்கார்ட்டில் வோல்பேயும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் இதை அளந்தே காட்டிவிட்டனர். உயரங்களின் பரவலை எடுத்து போல்ட்ஸ்மன் விதியிலிருந்து ஆற்றலைக் கணக்கிடும் வழியில் இந்தப் பொய் நுழைவதில்லை. அந்தப் பரவலைத் தடையின்றித் தருவதும் இந்த நுண்ணோக்கியின் பலங்களில் ஒன்று.

துகளின் தேர்வில் இம்முறை கறாரானது. ஒரு மைக்ரோமீட்டர் பாலிஸ்டைரீன் உருண்டையின் அடர்த்தி நீரின் அடர்த்திக்கு மிக அருகில் இருப்பதால், வெப்ப இயக்கம் அதைச் சராசரியாக 15 மைக்ரோமீட்டர் உயரம் வரை தூக்கிவிடும். சில நூறு நானோமீட்டர் தடிப்புள்ள ஒளிப்படலத்துக்குள் அது எப்போதாவது எட்டிப்பார்ப்பதோடு சரி. 3 மைக்ரோமீட்டர் பாலிஸ்டைரீனுக்கு அந்த உயரம் 0.56 மைக்ரோமீட்டராகச் சுருங்குகிறது, அது வசதியானது. 3 மைக்ரோமீட்டர் சிலிக்காவுக்கு 30 நானோமீட்டர்; அது மின் விலக்கத்தின்மேல் அமர்ந்துகொண்டு ஒரே உயரத்தைச் சுற்றி ஆடிக்கொண்டிருக்கும், வெவ்வேறு உயரங்களில் விரவலைக் காட்டாது.

ஒளி இடுக்கி

ஆஷ்கின் 1986-இல் செய்துகாட்டிய ஒளி இடுக்கி, 2018-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்தது. இறுகக் குவித்த லேசர் புள்ளி துகளைப் பிடித்து, வேண்டிய உயரத்தில் நிறுத்துகிறது. மேலே சொன்ன லேசான துகளின் சிக்கல் இதனால் தீர்ந்துவிடுகிறது. இரண்டு விதமாக இதைப் பயன்படுத்தலாம். பிடியில் வைத்துக்கொண்டே துகளின் நடுக்கத்தின் அதிர்வெண் நிறமாலையை எடுப்பது ஒன்று; பிடித்து நிறுத்தி, லேசரைச் சில மில்லிநொடிகள் அணைத்து, தன்னிச்சையாக அலையவிட்டுப் படமெடுத்து, ஓடிப்போகும் முன் மறுபடி பிடிப்பது மற்றொன்று. என் கணிப்பில் விரவலை நேரடியாகக் காண விரும்புபவருக்கு இரண்டாவதே மேல், ஏனெனில் அலையும் நேரத்தில் பிடியின் விறைப்பு (துகளை இடத்தில் இழுத்து வைக்கும் வலு) கணக்கில் வருவதே இல்லை.

முதலாவது வழியில் ஓர் எச்சரிக்கை. பிடியின் விறைப்பு நானோமீட்டருக்கு 0.02 பிகோநியூட்டன் என்றால், துகள் 14 நானோமீட்டர் அளவில் ஆடும். சுவருக்குத் தொலைவில் நிறமாலை வளையும் அதிர்வெண் சுமார் 380 ஹெர்ட்ஸ். சுவரை நெருங்கி 100 நானோமீட்டர் இடைவெளிக்கு வரும்போது, விறைப்பு மாறாவிட்டாலும், செங்குத்துத் திசைத் தடை ஆறு மடங்குக்கு மேல் உயர்வதால் அதே அதிர்வெண் 60 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். சுவரின் திருத்தத்தை மறந்துவிட்டு விறைப்பைக் கணக்கிட்டால் பிடி தளர்ந்துவிட்டதாகத் தோன்றும். விறைப்பும் தடையும் ஒரே அதிர்வெண்ணில் பிணைந்திருப்பதால், ஒன்றைத் தனியாக அறிந்தால்தான் மற்றது கிடைக்கும்.

சுவர் எங்கே என்ற கேள்விக்கு ஒளி இடுக்கி தானாகப் பதில் தருவதில்லை. வெள்ளொளி முறையைப்போலவே எண்ணெய் ஆப்ஜெக்டிவின் 0.8 திருத்தமும் இங்கே வந்துசேரும். ஆனால் இயற்கையே ஓர் அளவுகோலைத் தந்திருக்கிறது. நீர்-கண்ணாடி எல்லையில் லேசரின் 0.4 சதவீதம் திரும்பி வந்து, போகும் ஒளியோடு கலந்து, 1064 நானோமீட்டர் லேசருக்கு 400 நானோமீட்டருக்கு ஒருமுறை ஏறி இறங்கும் மெல்லிய அலையை உண்டாக்குகிறது. பலருக்கு இது தொல்லை. ஷேஃபரும் உடன் ஆய்வாளர்களும் 2007-இல் வெளியிட்ட அளவீட்டில் இதையே உயரத்தைச் சரிபார்க்கும் அளவுகோலாகக் கொண்டனர். லேசர் நீரைச் சூடாக்குவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அறை வெப்பநிலையை ஒட்டி ஒரு பாகை உயர்ந்தாலே நீரின் பாகியல் எண் 2 சதவீதத்துக்கு மேல் குறைகிறது.

ஒரு நேரத்தில் ஒரு துகள் என்பதுதான் இதன் பெரிய குறை. வெவ்வேறு உயரங்களில் வளைவு முழுவதையும் ஒரே துகளைக்கொண்டு பெறலாம் என்பது அதே குறையின் மறுபக்கம். துகளுக்குத் துகள் ஆரம் மாறுவதால் வரும் சிதறல் இதில் இல்லை. தொலைவில் அளந்த விரவலை அதே துகளின் அடிப்படையாகக் கொள்ளலாம். ஆனால் தொலைவு என்பது மெய்யாகவே தொலைவாக இருக்க வேண்டும்: ஒரு மைக்ரோமீட்டர் இடைவெளியில்கூட நமது உருண்டையின் இணை விரவல் 81 சதவீதம், செங்குத்து விரவல் 64 சதவீதம்தான். 10 மைக்ரோமீட்டர் இடைவெளியில்தான் இணை விரவல் 97 சதவீதத்தை எட்டுகிறது.

தேயும் அலை ஒளிச்சிதறல்

நான்காவது முறையில் துகளைப் பார்ப்பதே இல்லை. முழு அக எதிரொளிப்பில் பிறந்த அதே ஒளிப்படலத்துக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான துகள்கள் சிதறடிக்கும் ஒளியின் ஏற்ற இறக்கத்தை எடுத்து, அது எவ்வளவு விரைவில் தன் நினைவை இழக்கிறது என்பதிலிருந்து விரவலைப் பெறுகின்றனர். லான், ஆஸ்த்ரோவ்ஸ்கி, சோர்னெட் மூவரும் 1986-இல் இதைத் தொடங்கிவைத்தனர். நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியாத, 100 நானோமீட்டர் ஆரமுள்ள துகள்களுக்கும் அடர்த்தியான கரைசல்களுக்கும் இது ஒன்றே நடைமுறை வழி என்று சொல்லலாம். ஒளியைச் சேகரிக்கும் கோணங்களை மாற்றி இணைத்திசையையும் செங்குத்துத் திசையையும் பிரித்தெடுக்கவும் முடியும். ஆனால் கிடைப்பது படலத்தின் தடிப்பு முழுவதற்குமான சராசரி. குறிப்பிட்ட உயரத்தில் எவ்வளவு என்று அது சொல்வதில்லை. தேய்வு நீளத்தை மாற்றி மாற்றி அளந்து, கோட்பாட்டின் சராசரியோடு ஒப்பிட வேண்டும். தனித்துகள் வேலைக்கு இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எதை எடுப்பது

பணமும் நேரமும் குறைவாக இருந்து, துகள் சுவரோரத்தில் மெதுவாகிறது என்பதை நம்பகமான எண்களோடு காட்டுவதே வேண்டுமானால், சாதாரண நுண்ணோக்கியை எடுத்துக்கொண்டு இணைத்திசையில் மட்டும் அளக்கலாம். 3 மைக்ரோமீட்டர் சிலிக்கா உருண்டைகளைக் கவர்ஸ்லிப்பின் (மெல்லிய கண்ணாடித் தகட்டின்) மேல் படியவிட்டால், எடையும் மின் விலக்கமும் சேர்ந்து உயரத்தை ஏறத்தாழ நிலைநிறுத்திவிடும். உப்பின் செறிவை லிட்டருக்கு 0.1 மில்லிமோலிலிருந்து 10 மில்லிமோல் வரை உயர்த்தினால் மின் இரட்டை அடுக்கின் (மின் விலக்கம் எட்டும் நீர்ப்படலத்தின்) தடிப்பு 30 நானோமீட்டரிலிருந்து 3 ஆகக் குறைந்து, துகள் கீழே இறங்கி, இணை விரவலும் கூடவே குறைவதைக் காணலாம். இளங்கலை மாணவர்கூட ஒரு பருவத்துக்குள் செய்து முடிக்கக்கூடியது இது. செங்குத்துத் திசையைப் பற்றி அந்த ஆய்வேட்டில் ஒரு வரியும் எழுதாமல் இருப்பதே அதன் நேர்மை.

செங்குத்து விரவலே நோக்கமென்றால் முழு அக எதிரொளிப்பைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குக் காரணம் அதன் கூர்மை மட்டுமன்று. பூச்சியம் சுவரிலேயே பதிந்திருக்கிறது என்பதுதான். முப்பட்டகம், சிறு லேசர், ஒளிப்பெருக்கிக் குழாய் அல்லது வேகமான கேமரா ஆகியவற்றைக்கொண்டு ஓர் ஆய்வகம் இதைத் தானே கட்டிக்கொள்ளலாம். ஒளி இடுக்கியைவிடச் செலவும் குறைவு. மில்லிநொடிக்கு ஒருமுறை அளந்தால், 100 நானோமீட்டர் இடைவெளியில் நமது உருண்டை அதற்குள் 12 நானோமீட்டர்தான் நகர்ந்திருக்கும். எந்த உயரத்தின் விரவல் என்று துணிந்து சொல்லலாம்.

ஒளி இடுக்கி ஏற்கெனவே இருக்கும் ஆய்வகத்தில் அதை ஒதுக்கிவைக்கச் சொல்வதற்கில்லை. இரண்டையும் சேர்ப்பதுதான் மிகச் சிறந்த ஏற்பாடு: இடுக்கி துகளைச் சுவரருகே கொண்டுவந்து மெல்லப் பிடித்துவைக்க, தேயும் அலை உயரத்தைச் சொல்கிறது. இடுக்கி மட்டுமே இருந்தால் 400 நானோமீட்டர் அலையை அளவுகோலாகக் கொள்ளப் பழகிக்கொள்ள வேண்டும். துகள் 200 நானோமீட்டருக்கும் சிறியதாகவோ கரைசல் அடர்த்தியாகவோ இருந்தால் ஒளிச்சிதறலுக்குப் போகத்தான் வேண்டும். சராசரியோடு மனநிறைவு கொள்ளவும் வேண்டும்.

எந்த முறையை எடுத்தாலும் முதல் நாள் வேலை ஒன்றுதான். கவர்ஸ்லிப்பை நன்றாகக் கழுவி, கலத்தை ஆவியாதல் இல்லாதபடி மூடி, ஒட்டிக்கொண்ட ஒரு துகளைத் தேடிக் கண்டுபிடித்து, அரை மணிநேரம் அதை மட்டும் படமெடுக்க வேண்டும். நகராத அந்தத் துகளின் இருமடி இடப்பெயர்ச்சி எவ்வளவு என்று வரைந்து பார்த்தால், கேமராவின் இரைச்சலும் மேடையின் நகர்வும் அந்த ஒரு கோட்டில் தெரிந்துவிடும். அந்தக் கோடு சுவரோரத் துகளின் கோட்டைவிடப் பல மடங்கு கீழே இருந்தால் மேற்கொண்டு போகலாம்; இல்லையென்றால் துகள் கரைசலைக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டு, மேசையின் கால்களிலிருந்து தொடங்கிச் சரிபார்க்க வேண்டும்.